டாங்கிளைத் திட்டும் முன்: லினக்ஸில் வயர்லெஸ் கன்ட்ரோலருக்கு அக்காவின் டிப்ஸ்

ராத்திரி பத்தரை மணிக்குத் தம்பி போன் பண்ணினான். ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர் காசு சேர்த்து, யாரோ பயன்படுத்திய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களும் அவற்றுக்கான வயர்லெஸ் அடாப்டர் ஒன்றும் வாங்கியிருக்கிறார்கள். லேப்டாப்பில் உபுண்டு. சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டு நாலு பேரும் ஒரே திரையில் வண்டி ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"அக்கா, கன்ட்ரோலர்ல லோகோ மினுக்கிக்கிட்டே இருந்துட்டு அணைஞ்சு போகுது. அடாப்டர் போச்சுன்னு நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்துடவா?"

"செருகினதும் சிஸ்டத்துல வேற ஏதாவது மாறுச்சாடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "வைஃபை மெனுவுல புதுசா இன்னொரு அடாப்டர் வந்திருக்குக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுல்ல?"

முழுச் சம்பந்தமும் அதில்தான் இருந்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அவனுக்கு ராத்திரி ஒரு மணி வரை சொன்னதையெல்லாம், இதே மாதிரி மினுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்ற தம்பி தங்கைகளுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கொள். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயர் உனக்காக. லினக்ஸுக்கு அது தெரியாது. டாங்கிளைச் செருகியவுடன் அது கர்னலிடம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறதோ, அதை வைத்துத்தான் எந்த டிரைவர் அதைக் கையில் எடுப்பது என்று முடிவாகும். அதனால் எதையும் இன்ஸ்டால் பண்ணும் முன், எதையும் திருப்பிக் கொடுக்கும் முன், அது என்ன பெயர் சொல்கிறது என்று கேள்.

கேட்பது சுலபம். டாங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு டெர்மினலைத் திற. எல், எஸ், யூ, எஸ், பி: இந்த ஐந்து எழுத்தையும் சின்ன எழுத்தில் இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டு. ஒரு பட்டியல் வரும். இப்போது டாங்கிளைச் செருகி அதையே மறுபடி அடி. இரண்டாவது பட்டியலில் எந்த வரி புதிதாக வந்திருக்கிறதோ அதுதான் உன் டாங்கிள். அந்த வரியில் 'ஐடி' என்பதற்குப் பக்கத்தில் நாலு நாலாக எட்டு இலக்கம், நடுவே ஒரு முக்காற்புள்ளி இருக்கும். முதல் நாலு, தயாரித்த நிறுவனம். அடுத்த நாலு, பொருள். இடையிடையே ஏ முதல் எஃப் வரை எழுத்து வந்தால் குழம்பாதே, அதுவும் எண்தான். 045இ என்றால் மைக்ரோசாஃப்ட். 054சி சோனி. 046டி லாஜிடெக். 057இ நின்டெண்டோ. 28டிஇ, ஸ்டீம் நடத்தும் வால்வ். 2டிசி8 என்றால் 8பிட்டூ.

இந்த எட்டு இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொள். இணையத்தில் உதவி தேடினாலும் இதைப் போட்டுத் தேடு. 'கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை' என்று தேடினால் ஆயிரம் பேருடைய ஆயிரம் பிரச்சினை வரும். எண்ணைப் போட்டால் உன் பிரச்சினை மட்டும் வரும்.

பட்டியலில் புது வரியே இல்லையா?

அப்படியானால் டிரைவரைத் தொடாதே. மின்சாரமோ, போர்ட்டோ, வயரோதான் காரணம். சூடோ போட்டு டிமெஸ்ஜி என்ற கட்டளையை, பின்னால் ஒரு சின்னக் கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்த்து ஓடவிடு. கர்னல் பேசுவதெல்லாம் அந்த ஜன்னலில் வரிவரியாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே டாங்கிளைச் செருகு. எதுவுமே வரவில்லை என்றால் போர்ட்டில் தொடர்பே ஏற்படவில்லை. 'எரர் -71' என்று முடியும் வரிகள் வந்தால், டாங்கிள் பேச முயல்கிறது, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், தளர்ந்த போர்ட், தனி மின்சாரம் இல்லாத ஹப் ஆகியவற்றைச் சந்தேகப்படு. '-110' என்றால், கேட்டுக் கேட்டுப் பார்த்தும் டாங்கிள் பதில் சொல்லவில்லை. டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகிப் பார். பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

புது வரி வந்துவிட்டது, ஆனால் கேமில் ஒன்றும் அசையவில்லை என்பவர்களுக்குத்தான் இனிமேல் வருவது.

360-க்கான ரிசீவர்

எக்ஸ்பாக்ஸ் 360-க்கான வட்டமான ரிசீவர் பழசு என்றாலும் லினக்ஸில் இருப்பதிலேயே தொந்தரவு குறைந்தது. அதன் எண் 045இ:0719. இதற்கான டிரைவர் எக்ஸ்பேட். கர்னலிலேயே இருக்கிறது, நீ எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு ரிசீவரில் நாலு கன்ட்ரோலர் வரை சேரும். சேர்ப்பதற்கு: கன்ட்ரோலரை நடுப் பட்டனால் ஆன் செய், ரிசீவரில் இருக்கும் பட்டனை ஒருமுறை அழுத்து, விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் சார்ஜ் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் பட்டனை அழுத்து. நடு வளையத்தின் நாலு கால்பாக விளக்கும் சுற்றிச் சுற்றி ஓடி, ஒன்று மட்டும் நின்று எரிந்தால் சேர்ந்துவிட்டது. எந்தக் கால்பாகம் எரிகிறதோ, அந்த எண் ஆட்டக்காரர் நீ.

இதில் நான் இரண்டு சாயங்காலத்தைத் தொலைத்த ஒரு விஷயம் உண்டு. ஒரு கடையில் 360 வயர்லெஸ் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். "இந்த யூஎஸ்பி வயர் போட்டா ரிசீவரே வேண்டாம், நேரா கம்ப்யூட்டர்ல ஓடும்" என்று சொல்லி வயரோடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருகினால் பட்டியலில் புது வரியும் வருகிறது. 045இ:028எஃப். பெயரும் சரி, நிறுவனமும் சரி. ஒரு பட்டன் கூட வேலை செய்யவில்லை. டிரைவரை ஏற்றினேன், இறக்கினேன், கர்னலையே மாற்றினேன். அப்புறம்தான் புரிந்தது: அந்த வயர் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். 360 வயர்லெஸ் கன்ட்ரோலர், வயர் செருகியிருந்தாலும் பட்டன் அழுத்தியதை ரேடியோ வழியாக மட்டுமே அனுப்பும். ரிசீவர் இல்லாமல் அது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. 028எஃப் என்று பார்த்தால் ரிசீவர் வாங்கக் கிளம்பு, டெர்மினலோடு மல்லுக்கட்டாதே. வயர் வைத்த 360 கன்ட்ரோலர் வேறு. அது 028இ என்று வரும், செருகியதுமே ஓடும்.

தம்பியின் அடாப்டர்

இப்போது ஹாஸ்டல் கதைக்கு வருகிறேன். எக்ஸ்பாக்ஸ் ஒன் அடாப்டரில் இரண்டு வடிவம் பரவலாகக் கிடைக்கும். 2015-ல் வந்தது பெரியது, எண் 045இ:02இ6. அதற்கப்புறம் 2017-ல் வந்தது சின்னது, எண் 045இ:02எஃப்இ. இரண்டிலுமே எட்டுக் கன்ட்ரோலர் வரை சேர்க்கலாம். தம்பியிடம் இருந்தது சின்னது.

வைஃபை மெனுவில் எதற்காக வந்து உட்கார்ந்தது? ஏனென்றால் அதன் உள்ளே இருப்பது உண்மையிலேயே வைஃபை சிப்தான். மீடியாடெக் தயாரிப்பு. கன்ட்ரோலரோடு பேச மைக்ரோசாஃப்ட் அந்தச் சிப்பையே எடுத்து, தன் சொந்த ஃபர்ம்வேரை ஏற்றிப் பயன்படுத்துகிறது. லினக்ஸ் கர்னலில் அதே சிப்புக்கான வைஃபை டிரைவர் ஒன்று இருக்கிறது: எம்டி76எக்ஸ்2யூ. அது ஆதரிக்கும் பொருள்களின் பட்டியலில் இந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டரின் எண்ணும் எழுதியிருக்கிறது. ஆகவே நீ செருகிய நொடியில் வைஃபை டிரைவர் ஓடிவந்து, 'இது என் ஆள்' என்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கன்ட்ரோலர் ஒரு பக்கம் மினுக்கி மினுக்கித் தேடும். அடாப்டரோ பக்கத்து அறையின் வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கும்.

"அப்ப அது கெட்டுப்போகலயா?" என்றான்.

"இல்லடா. வேற வேலைக்குப் போயிருக்கு. கூப்பிட்டு வரணும்."

கூப்பிட்டு வரும் டிரைவரின் பெயர் எக்ஸ்ஒன். எக்ஸ், ஓ, என், இ என்று நாலே எழுத்து. இது கர்னலோடு வருவதில்லை. கிட்ஹப்பிலிருந்து இறக்கி டிகேஎம்எஸ் வழியாகப் போட வேண்டும். இறக்கும் முன் ஒன்றைக் கவனி. முதலில் எழுதியவரின் பிரதி புதுக் கர்னல்களோடு ஒட்டாமல் பின்தங்கிவிட்டது. வேறொருவர் அதைக் கிளை பிரித்து எடுத்துப் பராமரித்து வருகிறார். கடைசி மாற்றம் எப்போது செய்யப்பட்டது என்று தேதியைப் பார்த்து, அண்மையில் கை வைத்ததை எடுத்துக்கொள். பஸைட் மாதிரி கேமுக்கென்றே கட்டிய டிஸ்ட்ரோ வைத்திருந்தால் இது ஏற்கனவே உள்ளேயே இருக்கும். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

டிகேஎம்எஸ் என்றால், உன் கம்ப்யூட்டரிலேயே, உன் கர்னலுக்கு அளவெடுத்து டிரைவரைத் தைத்துக் கொடுக்கும் ஏற்பாடு. அளவெடுக்க அதற்குக் கர்னல் ஹெடர்கள் வேண்டும். 'ஹெடர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் ஹெடர் பேக்கேஜை முதலில் போடு. எந்தக் கர்னல் ஓடுகிறது என்பதை யுநேம் கட்டளைக்குப் பின்னால் சின்னக் கோடும் ஆர் எழுத்தும் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்டேட் முடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்தால், ஓடும் கர்னல் ஒன்றாகவும் ஹெடர் வேறாகவும் இருக்கும். முதலில் ஒரு ரீஸ்டார்ட் போட்டுவிட்டு ஆரம்பி.

எக்ஸ்ஒன்னைப் போடும்போது, அதுவே ஒரு தடைப் பட்டியலையும் எழுதி வைக்கும். எம்டி76எக்ஸ்2யூ இந்த அடாப்டரைத் தொடக்கூடாது, எக்ஸ்பேட் குறுக்கே வரக்கூடாது என்று. எக்ஸ்பேடையும் அது சேர்த்தே தடுக்கிறது என்பதை மறந்துவிடாதே. வீட்டில் 360 ரிசீவரும் இருந்தால், நேற்று வரை ஓடிய அது இன்றைக்குச் செத்த மாதிரி கிடக்கும். அதற்கென்றே எக்ஸ்பாக்ஸ் ஒன் பகுதியை மட்டும் நீக்கிய எக்ஸ்பேட்-நோஒன் என்ற மாற்று டிரைவர் உண்டு. இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபர்ம்வேர். மைக்ரோசாஃப்ட் அதை மற்றவர்கள் பிரதியெடுத்துக் கொடுக்க அனுமதிக்கவில்லை. அதனால்தான் டிஸ்ட்ரோக்களின் வழக்கமான ஃபர்ம்வேர் பேக்கேஜில் அது இருக்காது. எக்ஸ்ஒன்னோடு வரும் ஸ்கிரிப்ட், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் டிரைவரை உன் கணக்கில் இறக்கி, அதைப் பிரித்து, வேண்டிய கோப்பை மட்டும் எடுத்து வைக்கும். இந்தப் படியை மறப்பவர்கள்தான் அதிகம். டிரைவர் ஏறிவிட்டது, அடாப்டர் மட்டும் ஊமை என்றால் டிமெஸ்ஜியைப் பார். ஃபர்ம்வேர் பெயருக்குப் பின்னால் 'ஃபெயில்டு வித் எரர் -2' என்றிருந்தால், '-2' என்பதற்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று அர்த்தம். ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு அடாப்டரைக் கழற்றிச் செருகினால் சரியாகிவிடும். இந்த '-2' வேறு பல இடங்களிலும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்.

தம்பி இதையெல்லாம் செய்துவிட்டான். அப்புறமும் வரவில்லை. டிரைவரை ஏற்றச் சொன்னால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது. இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டு எழுந்துபோகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

லேப்டாப்பில் செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால், கையெழுத்து இல்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடாது. டிஸ்ட்ரோவோடு வரும் டிரைவர்களுக்கு டிஸ்ட்ரோவின் கையெழுத்து இருக்கிறது. வீட்டில் தைத்த எக்ஸ்ஒன்னுக்கு உன் கையெழுத்து வேண்டும். உபுண்டுவில் டிகேஎம்எஸ் போடும்போதே இதற்காக ஒரு சாவியை உண்டாக்கி, ஒரு பாஸ்வேர்டும் கேட்கும். பலர் எதையோ அடித்துவிட்டு மறந்துபோகிறார்கள். அதை எழுதி வை, ஒரே ஒரு முறை தேவைப்படும். அடுத்து ரீஸ்டார்ட் செய்தவுடன் உபுண்டு வருமுன் ஒரு நீலத் திரை வரும். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். அந்தப் பத்து விநாடியில் நீ தண்ணீர் குடிக்கப் போயிருந்தால், திரை போய்விடும், சாவி பதிவாகாது. தட்டினால் ஒரு மெனு வரும். அதில் 'என்ரோல் மோக்', பிறகு 'கன்டினியூ', பிறகு 'எஸ்', அப்புறம் அந்தப் பாஸ்வேர்டு, கடைசியில் ரீபூட். தவறவிட்டிருந்தால் மோக்யூடில் கட்டளையின் இம்போர்ட் வசதியை வைத்துச் சாவியை மறுபடி வரிசையில் நிறுத்தி, திரும்ப ரீஸ்டார்ட் செய்.

செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிட்டாலும் டிரைவர் ஏறும். ஆனால் எனக்கு அது பிடிக்காது. அதுவும் விண்டோஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில், பிட்லாக்கர் வேறு போட்டிருந்தால், அணைத்தவுடன் விண்டோஸ் ரெகவரி சாவி கேட்டு நிற்கலாம். கேம் ஆடுவதற்காக ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பூட்டிவிடாதே.

அந்த நீலத் திரையில் தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான் "ம், அடுத்தது" என்றேன். உபுண்டு வந்தது. அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினான், விளக்கு மினுக்கியது. கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் சேர்ப்புப் பட்டனை லோகோ வேகமாக மினுக்கும் வரை அழுத்திப் பிடித்தான். "அக்கா, நின்னு எரியுது!" என்று அவன் கத்தியதில் அறைத் தோழர்கள் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் அவரவர் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எல்லா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கும் அடாப்டர் தேவைப்படாது. நடு லோகோ பட்டனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், முகப்பின் அதே துண்டாக இருந்தால் அதில் ப்ளூடூத் உண்டு. மேலே இருக்கும் தோள் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான தனித்துண்டாக இருந்தால் ப்ளூடூத் இல்லை. ப்ளூடூத் இருந்தால் எக்ஸ்பேட்நியோ என்ற டிரைவரைப் போட்டு அடாப்டரே இல்லாமல் ஆடலாம். ஒருவர், இருவர் என்றால் அது போதும். நாலு பேர் என்றால் நான் அடாப்டரைத்தான் சொல்வேன். ஒரே ப்ளூடூத் டாங்கிளில் நாலைந்து கன்ட்ரோலரைத் தொங்கவிட்டால் தாமதம் கையிலேயே தெரியும்.

எக்ஸ் சுவிட்ச், டி சுவிட்ச்

லாஜிடெக் எஃப்710-இலும், இங்கே காஸ்மிக் பைட், ரெட்ஜியர் என்ற பெயர்களில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேடுகள் பலவற்றிலும் இரண்டு முகம் உண்டு. எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட். எஃப்710-இல் எக்ஸ், டி என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். எக்ஸ் பக்கம் தள்ளினால் எண் 046டி:சி21எஃப். டி பக்கம் தள்ளினால் 046டி:சி219. ஒரே டாங்கிள்தான், சுவிட்சைத் தள்ளினதும் வேறு பொருளாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பட்டியலை இரண்டு தடவை ஓட்டிப் பார், கண்ணாலேயே காணலாம்.

எக்ஸ் பக்கத்திலேயே வைத்திரு. எக்ஸ்பேட் எடுத்துக்கொள்ளும், பட்டன்களெல்லாம் கேம்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்கும். டி பக்கத்தில் ட்ரிக்கர்கள் வெறும் பட்டன்களாகிவிடும். கார் ஓட்டும்போது பாதி அழுத்தினால் பாதி வேகம் என்பது போய், ஓடு அல்லது நில் என்றாகிவிடும். சுவிட்ச் இல்லாத பேடுகளில் பெரும்பாலும் நடு ஹோம் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முகம் மாறும். பேடோடு வந்த துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதே, எத்தனை விநாடி என்பது அதில் இருக்கும். விலை குறைந்த பேடுகள் பல 045இ:028இ என்று சொல்லிக்கொண்டு வரும். மேலே சொன்ன வயர் வைத்த 360-இன் எண் அது. டிரைவரை எளிதாகப் பெற, பெரிய வீட்டுப் பெயரைச் சொல்லி உள்ளே வருகின்றன. ஓடினால் நல்லது, அப்படியே விட்டுவிடு.

சோனி வீட்டுப் பிள்ளைகளுக்கு

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலருக்குச் சோனியே விற்ற யூஎஸ்பி அடாப்டரை (054சி:0பிஏ0) கர்னல் நெடுநாளாக அறியும், செருகினால் போதும். பிஎஸ்5-இன் டூயல்சென்ஸுக்குச் சோனி எழுதிய டிரைவர் கர்னல் 5.12-இல் சேர்ந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் கன்ட்ரோலர்களுக்கு 5.16. வால்வின் ஸ்டீம் கன்ட்ரோலருக்கு 4.18. இந்த எண்களை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய லேப்டாப்பில் பழைய லினக்ஸை அப்படியே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் முதன்முதலில் டெர்மினல் திறந்தது அதில்தான். அதை இன்னும் வைத்திருக்கிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம், ஆனால் உள்ளே இருக்கும் கர்னல் இவற்றுக்கெல்லாம் முன்னாடி பிறந்தது. எடை குறைந்த புது டிஸ்ட்ரோ ஒன்றைப் போட்டுவிட்டுப் பிறகு கன்ட்ரோலருக்கு வா.

சோனி கன்ட்ரோலர்களை ப்ளூடூத் டாங்கிளில் சேர்க்கும்போது, பிஎஸ் பட்டனையும் ஷேர் பட்டனையும் (டூயல்சென்ஸில் அதன் பெயர் கிரியேட்) சேர்த்து விளக்கு இரட்டை இரட்டையாக மினுக்கும் வரை பிடி. ப்ளூடூத்சிடிஎல்லில் பேர், பிறகு டிரஸ்ட், பிறகு கனெக்ட். நடுவில் இருக்கும் டிரஸ்ட்டை விட்டுவிட்டால் இன்றைக்கு ஓடும், நாளைக்குப் பட்டனை அழுத்தினால் திரும்ப வந்து சேராது.

மலிவான ப்ளூடூத் டாங்கிளில் 0ஏ12:0001 என்று எண் வந்தால் கொஞ்சம் எச்சரிக்கை. சிஎஸ்ஆர் என்ற சிப்பின் எண் அது. அசல் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் போலிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. போலிகளையும் சமாளிக்கப் புதுக் கர்னலில் திருத்தங்கள் இருக்கின்றன, எல்லாப் போலிக்கும் அது உதவுவதில்லை. ரியல்டெக் சிப் வைத்த டாங்கிள் என்றால் அதற்கு ஃபர்ம்வேர் வேண்டும். இது டிஸ்ட்ரோவின் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜிலேயே வரும். டிமெஸ்ஜியில் மறுபடி அந்த '-2' வந்தால் என்ன செய்வது என்று உனக்கே தெரியும்.

பட்டன் வேலை செய்கிறது, கேமில் மட்டும் இல்லை

கேமைத் திறந்து சோதிக்காதே. கேமுக்குள் ஆயிரம் செட்டிங் இருக்கும், எது காரணம் என்று தெரியாது. இவிடெஸ்ட்டை ஓட்டி, பட்டியலில் உன் கன்ட்ரோலரின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்து. அழுத்தும்போது ஒன்று, விடும்போது பூஜ்யம் என்று வரி ஓட வேண்டும். படம் பார்த்துச் சோதிக்கப் பிடிக்கும் என்றால் ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே. குச்சியை விட்டபிறகும் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறதா என்பதும் அதில் தெரியும். பழைய கன்ட்ரோலர் வாங்குபவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டிய விஷயம்.

இங்கே எல்லாம் ஓடி, ஸ்டீமில் மட்டும் கன்ட்ரோலர் தெரியவில்லை என்றால் அனுமதிதான் பிரச்சினை. ஸ்டீம்-டிவைசஸ் என்ற பேக்கேஜைப் போடு. எந்தெந்தப் பொருளை நீ தொடலாம் என்ற யூடெவ் விதிகள் அதில் இருக்கின்றன. ஸ்டீமை ஃபிளாட்பேக்காகப் போட்டவர்களுக்கு இது அவசியம், ஏனென்றால் ஃபிளாட்பேக் தன் கூட்டுக்குள்ளிருந்து சிஸ்டத்தின் விதிகளை எழுத முடியாது. போட்டுவிட்டு டாங்கிளைக் கழற்றிச் செருகு. இதைச் சரிசெய்ய ஸ்டீமையே சூடோ போட்டு ஓட்டு என்று யாராவது சொன்னால் கேட்காதே.

நடுநடுவே அறுந்துபோகிறதா?

ஆட்டத்தின் நடுவில் வண்டி தானாகச் சுவரில் மோதுகிறது, ஒரு விநாடி கழித்துச் சரியாகிறது என்றால் அது டிரைவர் வேலையில்லை. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் வயரும் ஓடும்போது கிளப்பும் இரைச்சல், சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நீல நாக்கு போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கும், ஒட்டினாற்போல் அடுத்ததில் கன்ட்ரோலர் டாங்கிளும் இருந்தால், சந்தைக்கடை நடுவே காதில் ரகசியம் சொல்வது மாதிரிதான். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை லேப்டாப்பை விட்டு நகர்த்தி, ஆடுகிறவர்கள் உட்காரும் பக்கமாக வை. எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டின் முன் விளிம்பில் ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் அறுந்ததே இல்லை.

நீ பட்டனைத் தொடாமல் இருந்த கொஞ்ச நேரத்தில் மட்டும் அறுகிறது என்றால் வேறு காரணம். பேட்டரியை மிச்சப்படுத்த டிஎல்பி அல்லது பவர்டாப் போட்டிருப்பாய். சும்மா இருக்கும் யூஎஸ்பி பொருளை அவை தூங்க வைத்துவிடும். டிஎல்பியின் செட்டிங்கில் யூஎஸ்பி விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. தாளில் எழுதி வைத்தாயே அந்த எட்டு இலக்கம், அதை அங்கே சேர்.

கர்னல் அப்டேட் ஆன மறுநாள் எக்ஸ்ஒன் காணாமல் போனால் பயப்படாதே. புதுக் கர்னலுக்கு டிகேஎம்எஸ் மறுபடி தைக்க வேண்டும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் எந்தக் கர்னலுக்குத் தைத்திருக்கிறது என்று சொல்லும். உன்னுடையது அதில் இல்லையென்றால் ஹெடர் வரவில்லை, அல்லது எக்ஸ்ஒன்னின் பிரதி பழையது. பரீட்சை முடிந்த சாயங்காலம் நாலு பேரையும் ஆடக் கூப்பிட்டிருக்கிறாய் என்றால், அன்றைக்குக் காலையில் அப்டேட் போடாதே. பழைய கர்னல் பூட் மெனுவில் இருக்கும். அவசரத்துக்கு அதில் நுழைந்து ஆடிக்கொள்.

டாங்கிளின் அடியில் ஒரு சின்னத் துண்டு வெள்ளை டேப் ஒட்டி, அந்த எட்டு இலக்கத்தையும் டிரைவர் பெயரையும் பால்பாயின்ட்டால் எழுதி வை. தம்பியின் அடாப்டரில் '045இ:02எஃப்இ, எக்ஸ்ஒன்' என்று எழுதியிருக்கிறது. அடுத்த வருஷம் அவர்கள் அறையைக் காலி செய்யும்போது, ஜூனியர்களுக்கு அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.